புற்றுநோய் சிகிச்சைக் காலத்தில் சாப்பாடு – நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



நம் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், தறிக்கூலி, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசுகிறோம். ஒரு நோயின் பெயரை மட்டும் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். அது புற்றுநோய். இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப் புற்றுநோயும் வருகிறது.

இந்த நோய் நம் ஊருக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தில் 1909ல் பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். அவர் நினைவாகப் பெயர் வைத்த அரசு புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உதவுகிறது. ஆகவே "இந்த நோய் வந்தா அவ்வளவுதான்" என்ற பேச்சை முதலில் விடுவோம். சீக்கிரம் கண்டுபிடித்து, சிகிச்சையை முழுசாக முடித்தவர்களில் பலர் குணமாகி வாழ்கிறார்கள்.

'முழுசாக முடித்தவர்கள்' என்ற இடத்தில்தான் இந்தப் பாடம் தொடங்குகிறது. சிகிச்சையை முழுசாக முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். தெம்பு சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். மருந்து ஆஸ்பத்திரி கொடுக்கும். சாப்பாடு நம் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகவேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் நடப்பது என்ன?

நாங்கள் களப்பணிக்குப் போகும் வீடுகளில் ஒரே மாதிரியான பேச்சைக் கேட்கிறோம். "முட்டை சூடு", "மீன் சாப்பிட்டா புண்ணு ஆறாது", "தயிர் சளி", "பருப்பு வாயு". இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் நோயாளியின் தட்டில் மிஞ்சுவது அரிசிக் கஞ்சி, ரொட்டி, இரண்டு இட்லி. வைக்கிறவர்கள் பாசத்தோடுதான் வைக்கிறார்கள். பிரசவத்துக்கும் மஞ்சள் காமாலைக்கும் பத்தியம் பார்த்துப் பழகிய வீடு நம்முடையது. ஆனால் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவருக்கு இந்தப் பத்தியம் கெடுதல் செய்கிறது. எப்படி என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். புற்றுநோயாளிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி சக்தியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படியானால் இந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1250 முதல் 1500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும்.

இப்போது கஞ்சியைப் பாருங்கள். 40 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் சுமார் 140 கலோரி, 3 கிராம் புரதம்தான். நாள் முழுக்க 4 டம்ளர் குடித்தாலும் 560 கலோரி, 12 கிராம் புரதம். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் உடம்புக்குத் தேவையான சக்தியில் பாதிகூட வரவில்லை. புரதத்தில் கால் பங்குதான் வந்திருக்கிறது.

மீதியை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? தன் தசையிலிருந்தே எடுக்கும். அதனால்தான் கை கால் மெலிகிறது, வளையல் கழன்று விழுகிறது, ரவிக்கை தொளதொள என்று ஆகிறது, எழுந்து நடக்க முடிவதில்லை.

எடை குறைந்தால் சிகிச்சைக்கு என்ன ஆகும்?

கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் தொடர்ந்து நடக்கும். பலவீனத்தால் நடுவில் நாட்களைத் தவறவிட்டால், குறிப்பாக கர்ப்பப்பை வாய், வாய், தொண்டைப் புற்றுநோய்களில், பலன் குறையும். கீமோ மருந்தின் அளவைப் பெரும்பாலும் உயரமும் எடையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். உடம்பு தாங்காவிட்டால் அளவைக் குறைக்கவோ ஊசியைத் தள்ளிப்போடவோ வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை செய்தவருக்குப் புண் ஆறவும் புரதம் வேண்டும். "மீன் சாப்பிட்டா புண்ணு ஆறாது" என்பது நேர் தலைகீழ். புரதம் இல்லாவிட்டால்தான் புண் ஆறாது.

பாவும் ஊடையும்

தறி வீட்டுப் பெண்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சேலைக்குப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். உடம்புக்கும் அப்படித்தான். பருப்பு, பயறு, முட்டை, மீன், கோழி, பால், தயிர், வேர்க்கடலை, சோயா இவை புரதம் தருபவை. சோறு, இட்லி, கேழ்வரகு, எண்ணெய், நெய், வெல்லம் இவை சக்தி தருபவை. சக்தி போதவில்லை என்றால், கொடுத்த புரதத்தையும் உடம்பு விறகு மாதிரி எரித்துவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். காய், கீரை, பழம் இவற்றிலிருந்து வைட்டமினும் தாது உப்பும் கிடைக்கும்.

ஒரு நாள் சாப்பாடு – மாதிரி

மூன்று வேளை வயிறு நிறைய என்பது நோயாளியால் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு, ஏழு வேளையாகக் கொடுங்கள். புரத அளவுகள் எல்லாம் சுமார் கணக்கு.

காலை 6 மணி: பால் ஒரு டம்ளர் (200 மில்லி) – 6 கிராம்
காலை 8 மணி: இட்லி 3, பருப்பு நிறைய போட்ட சாம்பார், வேகவைத்த முட்டை 1 – 15 கிராம்
காலை 11 மணி: பால் ஊற்றிய சத்துமாவுக் கஞ்சி – 7 கிராம்
மதியம் 1 மணி: குழைந்த சாதம், கெட்டிப் பருப்பு, நெய், வெந்த காய், தயிர் – 15 கிராம்
மாலை 4 மணி: சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை – 6 கிராம்
இரவு 7 மணி: தோசை 2, முட்டை அல்லது ஒரு துண்டு மீன் – 11 கிராம்
இரவு 9 மணி: பால் ஒரு டம்ளர் – 6 கிராம்

கூட்டினால் 66 கிராம். நமக்குத் தேவையான 50க்கும் 75க்கும் நடுவில் வந்துவிட்டது. இதில் பெரிய கடைச் சாமான் எதுவும் இல்லை. ரேஷனில் வாங்கும் ஒரு கிலோ துவரம் பருப்பிலிருந்து நாளைக்கு 30 கிராம் வீதம் நோயாளிக்கு என்று ஒதுக்கினால் ஒரு மாதம் வரும். அசைவம் சாப்பிடாதவர்கள் முட்டைக்குப் பதில் பருப்பு, சோயா, பன்னீர், பொட்டுக்கடலை என்று கூட்டிக்கொள்ளலாம். சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கூடுதலாக விட்டால் 45 கலோரி சேரும். நாலு வாய் மட்டுமே சாப்பிட முடிகிறவருக்கு இது நல்ல வழி.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரையோ உணவு ஆலோசகரையோ கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் சிலருக்கு எடை கூடவும் செய்யும். அவர்கள் நெய், எண்ணெய், இனிப்பைக் குறைத்து, புரதத்தை மட்டும் குறைக்காமல் இருக்கவேண்டும்.

"சாப்பிட முடியலையே, என்ன செய்ய?"

பட்டியல் போடுவது சுலபம், தொண்டைக்குள் இறங்க வேண்டுமே! இது நோயாளியின் பிடிவாதம் இல்லை. சிகிச்சையின் பக்கவிளைவு. ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது.

வாய்ப்புண்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அடிக்கடி கொப்பளித்துத் துப்பவேண்டும். காரம், புளி, எலுமிச்சை, முறுக்கு மாதிரி மொறுமொறுப்பானவை, ஆவி பறக்கும் சாப்பாடு வேண்டாம். பருப்பும் நெய்யும் போட்டுக் குழைத்த சாதம், பாலில் ஊறிய இட்லி, முழுக்க வெந்த முட்டையை மசித்து, தயிர் சாதம் இவை இறங்கும். நம் ஊர் கோயில் இட்லி எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அதில் மிளகும் சுக்கும் இருப்பதால் புண் ஆறும்வரை வெறும் இட்லியே போதும். பாக்கும் புகையிலையும் அறவே கூடாது.

குமட்டல், வாந்தி: வாந்தி நிற்க டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொன்ன நேரத்தில் போடவேண்டும். வாந்தி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பொரி, ரஸ்க் மாதிரி காய்ந்த பண்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். தாளிப்பு வாசனையே சிலருக்குக் குமட்டும். அடுப்படியிலிருந்து தள்ளி உட்கார வைத்து, ஆறிய சாப்பாட்டைக் கொடுங்கள்.

நாக்கு கசப்பு: வாய்ப்புண் இல்லாதவர்களுக்குப் புதினா, கொத்தமல்லித் துவையல், எலுமிச்சை ருசியைக் கூட்டும். கறி பிடிக்காவிட்டால் முட்டை, பருப்பு, தயிர் என்று மாற்றுங்கள்.

பேதி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அடிவயிற்றில் கதிர்வீச்சு கொடுக்கும்போது இது வரலாம். அந்த நாட்களில் உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், வாழைப்பழம், குழைந்த பருப்பு சாதம் நல்லது. கீரை, முழுப் பயறு, எண்ணெய்ப் பலகாரம் கொஞ்ச நாள் நிறுத்தலாம். பால் குடித்தால் அதிகமாகிறது என்றால் பாலையும் நிறுத்திப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தலை தட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுக்கலாம். நிற்காவிட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

மலச்சிக்கல்: சில வலி மாத்திரைகளால் வரும். தண்ணீர், கீரை, பப்பாளி, கொஞ்சம் நடை உதவும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால் மருந்து கொடுப்பார்.

விழுங்க முடியாமை: தொண்டை, உணவுக்குழாய் நோயில் மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சாப்பாடு கொடுக்கச் சொல்வார்கள். "குழாய் போட்டாச்சா, முடிஞ்சுது" என்று பயந்து மறுக்கிற குடும்பங்கள் உண்டு. சிகிச்சை முடிகிறவரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் பாலம் அது. பலருக்கு விழுங்க முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். சாப்பிடும்போது புரை ஏறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சுத்தம் – இதுவும் மருந்துதான்

கீமோ ஊசி போட்ட பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அப்போது சாதாரண வயிற்றுக் கோளாறுகூட ஆபத்தாகலாம். அந்த நாட்களில்:

கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் குடிக்கவேண்டும். அன்று சமைத்ததை அன்றே, சூடு ஆறுவதற்குள் சாப்பிடவேண்டும். அரை வேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், கடையில் நறுக்கி வைத்த பழம், வண்டிக் கடை சட்னி வேண்டாம். நமக்குப் பிரியமான பழைய சோறும் அந்த நாட்களில் வேண்டாம். பழத்தை நன்றாகக் கழுவி, தோல் உரித்துக் கொடுங்கள். சமைப்பவரும் சாப்பிடுபவரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

செவிலிமேட்டிலிருந்து காரப்பேட்டைக்குத் தினமும் போய் வருகிறவர்கள் கையில் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. இட்லி, வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை, கொதித்து ஆறிய தண்ணீர் இவை வசதி. வேகவைத்த முட்டையை வெயில் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மெஷின் வரிசையில் காத்திருந்து ஒரு வேளைச் சாப்பாடு போனால், அது வாரத்தில் 5 வேளை என்று சேர்ந்துவிடும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: சர்க்கரை, சோறு சாப்பிட்டா கட்டி வளருமாமே? பட்டினி போட்டா கட்டி காயுமா?
பதில்: இல்லீங்க. உடம்பின் எல்லா அணுக்களும்தான் சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன. நாம் பட்டினி கிடந்தால் முதலில் காய்வது நம் தசை. சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் கட்டுப்பாடு கட்டாயம்.

கேள்வி: முள்ளு சீத்தா, கோதுமைப்புல் சாறு, பாட்டில் மருந்து குடித்தால் குணமாகுமா?
பதில்: இவை புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சில மூலிகை மருந்துகள் கீமோ மருந்தோடு மோதி ஈரலைக் கெடுக்கவும் கூடும். எது குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் பாருங்கள்.

கேள்வி: தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?
பதில்: கூடச் சாப்பிடுவதால் புற்றுநோய் தொற்றாது. தனித் தட்டு வைத்து மூலையில் உட்கார வைத்தால் இருக்கிற பசியும் போய்விடும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு ஊட்டினாலும் மெலிகிறார், என்ன தப்பு செய்கிறோம்?
பதில்: யார் மேலும் தப்பு இல்லை. சிலருக்கு நோயே தசையைக் கரைக்கும். டாக்டரிடம் சொல்லி மருந்து, சத்துபானம் தேவையா என்று கேளுங்கள். நோய் முற்றிய நிலையில் வாயைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது வேதனைதான் தரும். அப்போது அவர் கேட்டதை, கேட்ட அளவு கொடுத்து, பக்கத்தில் இருப்பதே போதும்.

வாரம் ஒரு முறை எடை

வாரத்தில் ஒரே நாள், ஒரே தராசு, ஒரே நேரம். எடையை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 50 கிலோ இருந்தவர் இரண்டரை கிலோ குறைந்தால் அது நூற்றுக்கு 5 பங்கு. ஒரே மாதத்தில் அவ்வளவு குறைந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்று விடாமல் டாக்டரிடம் நோட்டைக் காட்டுங்கள். கால் வீக்கம், வயிற்றில் நீர் இருந்தால் எடை குறையாத மாதிரி தெரியும். அதையும் சொல்லவேண்டும்.

பெண் நோயாளியின் தட்டு

இன்னொன்றை வெளிப்படையாகப் பேசவேண்டும். வீட்டில் ஆணுக்கு நோய் என்றால் அவருக்கு முதலில் முட்டை வைக்கிறோம். பெண்ணுக்கு நோய் என்றால் அவளே சமைத்து, எல்லோருக்கும் போட்டு, மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். கதிர்வீச்சு முடிந்து வந்து அடுப்பில் நிற்கிறாள், இடையில் தறி வேலைக்கும் கை கொடுக்கிறாள். "எனக்கெதுக்குக்கா முட்டை, பசங்க சாப்பிடட்டும்" என்று சொல்லும் குரலை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! காப்பீட்டுத் திட்டம் ஊசிக்கும் மெஷினுக்கும் உதவும். அவள் தட்டில் முட்டை வைக்க வேண்டியது வீடும் குழுவும்தான்.

ஆகவே இந்த மாதக் கூட்டத்தில் இவற்றைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்:

1. நம் குழுவில் அல்லது உறுப்பினர் வீட்டில் சிகிச்சையில் இருப்பவர் யார்? அவர் இன்று என்ன சாப்பிட்டார்? புரதக் கணக்கு எவ்வளவு?
2. சிகிச்சைக் காலச் சாப்பாட்டுச் செலவுக்கு உள்கடன் கொடுக்கலாமா? அதுவரை அவருடைய தவணைக்கு அவகாசம் தரலாமா?
3. கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் மதியச் சமையலை யார் யார் முறை வைத்துப் பார்ப்பது? துணைக்கு யார் போவது?
4. எடை நோட்டை வாராவாரம் யார் பார்ப்பது?
5. 30 வயதைத் தாண்டிய உறுப்பினர்களில் மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யாதவர் யார்? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றைக்குப் போகலாம்?

செவிலி என்றால் தாய் போல இருந்து வளர்ப்பவள், பார்த்துக்கொள்பவள். நம் ஊர்ப் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் ஒரு சகோதரியின் தட்டில் இன்று மதியம் பருப்பும் முட்டையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.